ஃபீல் பக்கத்து இலை

ஆங்கில வினைச்சொற்கள் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் மண்டபத்துக்குத்தான் வருகிறார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று பார்ப்பது என் வேலை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தொண்ணூற்றாறு வாங்கியதால் கிடைத்தது. சட்டையில் பேட்ஜ் உண்டு: வே. இளங்குமரன். வே என்பது அப்பா, வேலப்பன்.

வேலை கஷ்டமில்லை. மேக் பக்கத்தில் காபியும் மிஸ்டேக்கும் உட்கார வேண்டும். டூ பக்கத்தில் ஹோம்வொர்க். கெட்டுக்கு இந்தப் பக்கம் ரெடி, அந்தப் பக்கம் ஆங்க்ரி. கேட்ச் பக்கத்தில் கோல்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். கோ பக்கத்தில் மேட், பேட். அவரோடு சேர்ந்தவர்கள் உருப்பட்டதில்லை.

ஹோம்வொர்க்கை மேக் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன என்று முதல் நாளே மேலாளர் பிலோமினா மேடத்திடம் கேட்டேன்.

"வழக்கம் இல்லை."

"ஏன் மேடம்?"

"ஏன்னு கேக்கறதும் வழக்கம் இல்லை."

மேடம் போன ஆடியிலிருந்து இரும்பு பீரோவாக இருக்கிறார். கைப்பிடியைத் திருப்பினால் பேசுவார். அதன்பிறகு ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

கடைசி வரிசையில் ஃபீல் உட்காருவார். ஒல்லியான அம்மாள். பக்கத்து இலை அஷேம்டுக்கு. வெட்கப்படுகிறவர் என்பதால் அவர் எந்தப் பந்திக்கும் வருவதில்லை. இலை மட்டும் போட்டு வைப்போம்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர். தலைமுடியில் பஞ்சு இருந்தது.

"கண்ணு, சாப்டியா?"

"வேலையில இருக்கேன்ப்பா. அப்புறம் வாங்க."

"நீ உன் வேலையப் பாரு கண்ணு. நான் ஓரமா உக்காந்துக்கறேன்."

போயும் போயும் புட் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பள்ளியில் ரேங்க் கார்டை வாங்கிக்கொண்டு, "வேர் ஐ புட் சைன்?" என்று டீச்சரிடம் கேட்டவர் அவர். வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்.

அப்பாவுக்கு லட்டு வைத்தார்கள். தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எந்த விசேஷத்திலும் அவர் இனிப்பைத் தின்றதில்லை. அது வீட்டுக்கு வரும், எனக்கு.

பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். புட் பக்கத்து இலைகள் பாதி காலி.

"ஏனுங்க காபி, அங்க எதுக்குங்க நெருக்கிட்டு? இங்க வாங்க. நம்மூர்ல காபி போடறதுதானுங்களே."

காபி எழுந்து வந்தது.

"ஃபேனு, நீங்களும் வாங்க. உங்களையும் போடறதுதான்."

ஃபேன் கூரையிலிருந்து இறங்கி வந்து சம்மணம் போட்டது. அடுத்து ஃபைட்டைக் கூப்பிட்டார். சண்டை போடாத வீடு உண்டுங்களா என்றார். ஃபைட் சிரித்துக்கொண்டே வந்து சாம்பார் கேட்டது. அது சிரித்து நான் பார்த்ததில்லை. புட் எல்லோருக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என் காபி எங்கே?" என்றார் மேக்.

பந்தி நின்றது. பரிமாறுகிறவர்கள் தூக்கிய கரண்டியோடு நின்றார்கள். பீரோ தானாகத் திறந்தது.

"யார் அவர்?"

இருநூறு வினைச்சொற்களும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரோ ஒரு பெரியவர்," என்றேன்.

பேட்ஜிலிருந்து 'வே' கழன்று கீழே விழுந்தது. புள்ளி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. விழுந்ததைச் செருப்பால் மறைத்துக்கொண்டேன்.

"எழுப்புங்க," என்றது பீரோ.

பந்தியில் உட்கார்ந்தவரை எங்கள் பக்கம் எழுப்ப மாட்டார்கள். பங்காளிச் சண்டையாக இருந்தாலும் கை கழுவுகிறவரை பொறுப்பார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். போனேன். அப்பா சோற்றில் குழி பறித்து ரசத்துக்குக் காத்திருந்தார்.

"பெரியவரே, எழுந்திரிங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பேட்ஜைப் பார்த்தார். பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்தார். சாப்பாட்டில் குறை இல்லை என்று அதற்கு அர்த்தம். எழுந்தார்.

"கை எங்கீங்க கழுவறது, சார்?"

விரலால் மட்டும் காட்டினேன். கீப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொயட், இலையை விட்டு எழுந்து எனக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

காபி மேக்கிடம் திரும்பியது. ஃபேன் மேலே போய்ச் சுற்றியது. ஃபைட் அழுதுகொண்டே மோர் வாங்கிக்கொண்டது. பந்தி நடந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவை நினைத்து வெட்கப்பட்டு எனக்குப் பழக்கம் உண்டு. இது அந்த வெட்கம் இல்லை. காது மடல் வரை எரிந்தது.

கை கழுவும் இடம் பத்தடி தூரம். நடந்தேன். பத்தடி முடியவில்லை. நாற்பது குழாய்களைத் தாண்டினேன். நாற்பத்தோராவது குழாயில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்பா" என்று கூப்பிடப் பார்த்தேன். வாயிலிருந்து "பெரியவரே" என்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். அதேதான் வந்தது.

'வே' விழுந்த இடத்துக்கு ஓடி வந்தேன். எச்சில் இலைகளோடு பெருக்கித் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"உக்காருங்க," என்றார் ஃபீல், பக்கத்து இலையைக் காட்டி.

"நான் இங்கே உட்காருவது வழக்கம் இல்லையே, அம்மா."

"இனிமே வழக்கம்தான்."

உட்கார்ந்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது. இலையில் சோறு இல்லை. தாளில் மடித்த லட்டு ஒன்று இருந்தது. தாள் இன்னும் சூடாக இருந்தது, சட்டைப் பைக்குள் இருந்த சூடு.

"யார் வெச்சுட்டுப் போனது?"

"யாரோ ஒரு பெரியவர்," என்றார் ஃபீல்.

பந்தி முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். என்னை மட்டும் யாரும் எழுப்பவில்லை.