சுவரோரக் கதவு

பூமிநாதன் காரின் முன்சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கதவைத் திறந்தாலும் இரண்டு பித்தளைத் தகடுகள் தொட்டுக்கொண்டு மணி அடிக்க வேண்டும். சோதனைக்காக மணிக்குப் பதில் ஒரு சின்ன பல்பைக் கோத்திருந்தான். நேமத்தான்பட்டியில் செட்டியார் வீட்டின் மதியத் தூக்கத்தைக் கெடுத்தால் டிரைவர் வேலை போய்விடும்.

மணி வைக்கச் சொன்னவர் பெரியவர் அழகுசுந்தரம் செட்டியார். கார் அவர் தம்பியுடையது. கப்பலில் வந்து இறங்கிய புதுக் காரில் மனைவியை ஒரே ஒருமுறை குன்றக்குடிக்கு அழைத்துப்போய் வந்த கையோடு, தம்பி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, வட்டிக்கடை பார்க்கப் போய்விட்டார். கணக்கு முடித்துத் திரும்ப மூன்று வருஷமாகும். கொட்டகையில் நிற்கும் காரின் பின்சீட்டு மட்டும் தினமும் அமுங்கிக் கிடக்கிறதாம்; கள்ளன் வருகிறானாம். சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக எந்தக் கள்ளன் வருவான்? பெரியவரிடம் அதை யார் கேட்பது!

பல்பு எரிந்தது. பூமிநாதன் எந்தக் கதவையும் தொடவில்லை.

பின்சீட்டு லேசாக முனகியது. கண்டாங்கிச் சேலை சரசரத்தது.

"இன்னைக்கும் குன்றக்குடிக்கே போவமா? மெதுவாப் போகச் சொல்லுங்க."

தம்பியின் மனைவி சாலா ஆச்சி. பக்கத்தில் யாருமில்லை. மாமியார், ஓரகத்திகள், சமையலாட்கள் என்று நிறைந்த வீட்டில் தனியாக ஒரு மூச்சு விட அவளுக்கு வேறு இடமில்லை. பூமிநாதன் வேறு வழியின்றி இருமினான்.

"யாரது?"

"நாந்தேன் ஆச்சி, பூமிநாதன்."

ஆச்சியின் கண் எரிகிற பல்பின்மேல் போனது.

"அது என்ன வெளக்கு?"

"கதவத் தொறந்தா எரியும் ஆச்சி. சாயங்காலம் மணிய மாட்டிட்டா ஊருக்கே கேக்கும்."

"கள்ளன் வந்தாத்தானே அடிக்கும்?"

"அதுக்கு ஆளு தெரியாது ஆச்சி."

அவள் பக்கத்து இருக்கையைத் தடவினாள். "அவுக சவ்வாது வாசம் இங்கதான் இன்னும் இருக்கு" என்றாள். பிறகு இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பல்பு அணைந்தது.

சாயங்காலம் பெரியவர் முன்னால் மூன்று கதவுகள் மணியடித்து ஊரைக் கூட்டின. நாலாவது, சுவரோரப் பின்கதவு. அந்த இடுக்கில் நுழையப் பெரியவரின் தொந்தி இடம் கொடுக்கவில்லை.

"அதையுந் தொறந்து காட்டப்பா."

பூமிநாதன் இடுக்குக்குள் போனான். ஒரு கையால் பின்கதவைத் திறக்கும்போதே, மறு கையால் அந்தப் பக்கத்து முன்கதவையும் விரலளவு திறந்தான். மணி அலறியது.

பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். "இனி எந்தக் கள்ளன் வாரான்னு பாப்போம்."

மறுநாள் மதியம் வீடு உறங்கிவிட்டது. கொட்டகை வாசலில் பூமிநாதன் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். சாலா ஆச்சி வந்து காரைப் பார்த்தபடியே நின்றாள். கோயிலுக்கு வந்து நடை சாத்தியிருக்கக் கண்டவள் போலிருந்தது அவள் முகம்.

"சுவரோரக் கதவு, ஆச்சி" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

அவள் இடுக்கில் ஒதுங்கிப் போய்க் கைப்பிடியைத் தொட்டாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு திறந்தாள்.

மணி அடிக்கவில்லை. கொட்டகை இருட்டில், பின்சீட்டின் மேலே, அந்தச் சின்ன பல்பு மட்டும் எரிந்தது.