நரிமுகம்

வேலிச் சுருக்கில் நரி செத்துக் கிடந்தது. உடம்பு குளிர்ந்துவிட்டது. காதில் ஆமணக்கு விதை போலப் பருத்த உண்ணிகள் அசையவில்லை. சிறியவை மட்டும் மயிர்நுனிக்கு வந்து கால்களை நீட்டிக்கொண்டிருந்தன. கோழிப்பண்ணையின் வேலிக்காரன் அதைச் சாக்கில் திணித்துக் கட்டி வேனில் போட்டான். முட்டை பொறுக்கும் பெண்கள் ஏறுவதும் அதே வேன்தான்.

"தினம் நரிமுகத்துல முழிக்கிற ஆளு. உனக்கென்னண்ணே, யோகம்தான்," என்றாள் ஒருத்தி, காலைத் தூக்கிச் சாக்கின்மேல் வைத்தபடி.

"காலை எடு தாயி," என்றான்.

போன வாரம் அவன் மனைவியும் வேறொரு நரிச்சாக்கின்மேல் அப்படித்தான் காலை வைத்து உட்கார்ந்து வந்தாள். மறுநாள் அவள் இடுப்பில் ஓர் உண்ணி. அவன் தீக்குச்சியைக் கொளுத்தி ஊதி, கங்கோடு அதன்மேல் வைத்தான். பண்ணையில் எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள். உண்ணி விழுந்தது. தோலும் கொப்பளித்தது.

"அதைச் சுடச் சொன்னா என்னைச் சுடுறியே," என்று சிரித்தாள்.

அப்புறம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் இடுப்பில் இருந்த கறுப்புப் பொருக்கைப் பார்த்து, "இது என்ன, பூச்சி ஏதாவது கடிச்சுதா?" என்றார். அவள் அவனைப் பார்த்தாள். உண்ணி ஒட்டிய ஆள் கோழிக் கொட்டகைக்குள் வரக்கூடாது, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருமே வெளியே என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"தீக்காயம் சார்," என்றான். பொய்யும் இல்லை.

டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, காய்ச்சலுக்குப் படுக்கையில் சேர்த்தார். நேற்றிலிருந்து அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. மச்சினிதான் கூட இருக்கிறாள்.

சாக்கைப் புதைத்துவிட்டு வந்தபோது சூப்பர்வைசர் கூப்பிட்டார். முதலாளியின் நாய்க்குக் கால்நடை டாக்டர் வந்திருந்தார். வேலிக்காரன் மண்டியிட்டு நாயின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். டாக்டர் மயிரை விலக்கி, இடுக்கியால் ஓர் உண்ணியை நிதானமாக இழுத்து எடுத்தார்.

"தீக்குச்சி கீக்குச்சி வச்சுடாதீங்க முதலாளி. சூடு பட்டா வயித்துல இருக்கிறதை உள்ளே கக்கிடும். நரிகிட்டயும் எலிகிட்டயும் குடிச்சதெல்லாம் அதுலதான் இருக்கு."

"ஆளுங்களைக் கடிச்சா?" என்றார் முதலாளி.

"கடிச்ச இடம் கறுக்கும், காய்ச்சல் வரும். சாதாரண மாத்திரைதான், கேக்கும். ஆனா உண்ணின்னு வாயைத் திறந்து சொல்லணுமே."

வேலிக்காரன் நிமிர்ந்தான். "சார், ஒரு..."

"தலையை ஆட்ட விடாதேப்பா," என்றார் சூப்பர்வைசர். "ஊசி போடப் போறாரு."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மச்சினியாகத்தான் இருக்கும்.

"ரெண்டு கையும் அங்கேயே இருக்கட்டும்," என்றார் சூப்பர்வைசர். " நாய்க்கு வலிக்கும்."

ஊசி இறங்கியது. நாய் அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்து நடுங்கியது. முதலாளி குனிந்து அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார். போன் நின்று, மறுபடி அதிரத் தொடங்கியது.