காட்டுக்குப் போன பார்சல்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. அழகுத்தாய் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுப்பதற்குள் அடித்து ஓய்ந்து, உடனே மறுபடியும் அடித்தது. ஜீப் ஓட்டும் பாண்டி. தினமும் விடிகாலையில் கம்பத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறி, அவள் கடை வாசலில் நிறுத்திக் காலைச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு ஏலக்காய்க் காட்டுக்குப் போகிறவன்.

"அக்கா, காலையில பார்சல்ல என்ன வச்சீக?"

"இட்லிதான். தேங்காச் சட்னி. ஏன்டா?"

"தின்ன ஆளுகெல்லாம் வாந்தி எடுத்துக் கெடக்குறாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துருக்கோம். ரெண்டு பேருக்குப் பேச்சே இல்ல. ஒங்க கடைச் சாப்பாடுதான்னு சூப்பர்வைசர் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு."

பின்னால் யாரோ அவனைக் கூப்பிடுவது கேட்டது, போனை வைத்துவிட்டான்.

பாண்டியின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கிற குரல். பெஞ்சில் தோசை தின்றுகொண்டிருந்த லாரிக்காரர் கையை அப்படியே நிறுத்தினார். பிய்த்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கைகழுவினார். வண்டி கிளம்பிப் போன பிறகும் அழகுத்தாய் அந்தப் பாதித் தோசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலைக்கு மேலே, கேரளப் பக்கம், ஆனைக்கரையிலிருந்து வண்டன்மேட்டுக்குப் போகிற ரோட்டில், ஒரு வளைவை ஒட்டி இருந்தது அவர்கள் மெஸ். அவளும் அவள் புருஷன் ஈஸ்வரனும் ஒரு காலத்தில் காட்டு வேலைக்குப் போனவர்கள்தான். மரத்திலிருந்து விழுந்து அவனுக்கு இடுப்பு பிசகிய பிறகு, ஓர் இட்லிக் கொப்பரையும் வாடகை அடுப்புமாகக் கடையை ஆரம்பித்தார்கள். காட்டுக்குப் போகிறவர்களுக்கு எது பசி தாங்கும், எது மத்தியானம் வரை வயிற்றில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனாலேயே கடை நின்றது. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அவளை மதினி என்றும் சின்னம்மா என்றும்தான் கூப்பிட்டார்கள்.

அவள் மனம் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டது. தேங்காய்.

முந்தின நாள் சாயங்காலம் மழையில் கரண்டு போனது. துருவி வைத்திருந்த தேங்காய் பிரிட்ஜுக்குள் இருந்தது. கரண்டு எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது, தூங்கிவிட்டாள். காலையில் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். ஏதோ ஒரு வாடை அடித்த மாதிரியும் இருந்தது, அடிக்காத மாதிரியும் இருந்தது. பிரிட்ஜ் வாடையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பச்சை மிளகாயைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு அரைத்துவிட்டாள். வாடை அடித்ததா இல்லையா? இப்போது எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. யோசிக்க யோசிக்க அடித்தது என்றே பட்டது.

சட்டென்று நினைவு வந்தது. ஜீவிதா! கட்டப்பனைக்குக் கல்லூரி போகிற மகள் அதே சட்னியைத் தொட்டுக்கொண்டுதானே சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பாள்? போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. மறுபடி போட்டாள். அதே பெண் குரல் மலையாளத்தில் அதையே சொன்னது.

கேஸ் சிலிண்டர் எடுக்கப் போயிருந்த ஈஸ்வரனுக்கு வழியிலேயே சேதி தெரிந்துவிட்டது. வந்தவன் நேரே அடுப்படிக்குள் போய், மீதிச் சட்னி இருந்த தூக்குவாளியை எடுத்தான்.

"எங்க கொண்டு போறீக?"

"கொட்டிக் கழுவிருவோம். ஹெல்த்துக்காரங்க வர்றதுக்குள்ள."

"கொட்டிட்டா? அங்க கெடக்குறவுகளுக்கு என்னன்னு பாத்து மருந்து குடுப்பாக?"

"கடையப் பூட்டிச் சீல் வச்சுட்டுப் போயிருவாங்க அழகு. பெறகு எந்தக் காலத்துல தெறக்கிறது? இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நான் மறுபடி காட்டுக்கா போவேன்?"

"பிள்ளையும் இதத்தான் தின்னுட்டுப் போயிருக்குங்க. போனு வேற ஆஃப்ல கெடக்கு."

ஈஸ்வரன் வாளியோடு அப்படியே நின்றான். அதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அழகுத்தாய் வாளியை அவன் கையிலிருந்து வாங்கினாள். கரண்டியை உள்ளே விட்டு அள்ளி, உள்ளங்கையில் ஊற்றி வாயில் போட்டாள். இன்னொரு கரண்டி அள்ளினாள். இட்லித்தட்டில் ஆறிக் கிடந்த இட்லியைப் பிய்த்து, வழித்து வழித்துத் தின்றாள். ஈஸ்வரன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? துப்பு! துப்புடி!"

"கெட்டுப்போயிருந்தா எனக்கும் தெரியட்டும். ஒருத்தர்ட்டயும் போயிக் கேக்க வேண்டாம்ல."

"ரெண்டு பேரும் படுத்துட்டாப் பிள்ளைக்கு யாரு இருக்கா?"

"அதான் நீங்க திங்கலையே" என்றாள் அவள்.

அவன் கையை விட்டான். வாளியை மூடி, தோளில் கிடந்த துண்டால் வாய்கட்டினான். பிறகு ரோட்டில் இறங்கி ஆட்டோவை மறித்தான்.

அந்தப் பாதையில் அவள் கணக்கில்லாமல் போய் வந்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் குடல் மேலே ஏறி இறங்கியது. இது வளைவா, பயமா, சட்னியா? நாக்கின் அடியில் எச்சில் ஊறினால் வாந்திதான் என்று நினைத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வேர்த்திருந்தது. ஈஸ்வரன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி வந்தான். "என்ன செய்யுது?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டான்.

ஆஸ்பத்திரி கேட்டில் இறங்கும்போது ஜீவிதாவே கூப்பிட்டாள்.

"என்னம்மா, இத்தனை தடவ அடிச்சிருக்க? கிளாஸ்ல இருந்தேன்."

"வயிறு எப்பிடி இருக்கு? வாந்தி கீந்தி வருதா?"

"எதுக்கு வரணும்? ...அம்மா, திட்டாத. பஸ்ஸு போயிரும்னு சாப்பிடாமத்தான் வந்தேன்."

எத்தனையோ நாள் இதற்காக மகளைத் திட்டியிருக்கிறாள். இப்போது கண்ணில் நீர் முட்டியது. போனை வைத்த பிறகுதான், மகள் தின்னாததால் சட்னி நல்லதென்று ஆகிவிடவில்லை என்பது உறைத்தது.

வராந்தாவில் ஆள்கள் தரையில் சாய்ந்து கிடந்தார்கள். ஒருவர் வாளிக்குள் குனிந்திருந்தார். தினமும் கூட ஓர் இட்லி கேட்டு வாங்கிப் போகிற வயசான அம்மா ஒருத்தி அழகுத்தாயைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "நம்பித்தானத்தா தின்னோம்" என்றாள் சுவரைப் பார்த்து.

சூப்பர்வைசர் பூபதிராஜா வேகமாக வந்து அவர்களை மாடிப்படி ஓரம் தள்ளிக்கொண்டு போனார். சட்டை முதுகு நனைந்திருந்தது.

"அக்கா, பதறாதீக. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. தேங்கா கெட்டுப்போச்சு, தெரியாம அரைச்சுட்டோம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. வைத்தியச் செலவு பூரா முதலாளி பாத்துக்குவாரு. ஒங்க கடைக்கும் ஒரு தொந்தரவு வராம நான் பாத்துக்குறேன். பார்சலு எப்பவும் போல ஒங்ககிட்டதான்."

அவள் தேங்காய் என்று வாயே திறக்கவில்லை. அவராகத் தேங்காய் என்றதும் தூக்கிவாரிப் போட்டது. தன் மனசு வெளியே தெரிந்துவிட்டதோ என்று பயந்தாள். சட்னி என்றால் தேங்காயைத்தானே சொல்வார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. ஈஸ்வரன் மெதுவாக, "அவரு சொல்றதும்..." என்று ஆரம்பித்தான். ஒரு கணம் அவளுக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. சொல்லிவிட்டால் இந்தத் தவிப்பாவது நிற்கும்.

"ஆளுகளப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்னி வாளியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வார்டில் ஓர் இளம் டாக்டரம்மா ஒவ்வொருவர் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பூச்சிமருந்து தெளிச்சதா? காட்டில் இன்னைக்கு மருந்து அடிச்சோ?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. "களையெடுப்புத்தான் டாக்டர்" என்று வாசலில் நின்று பதில் சொன்னார் பூபதிராஜா.

கடைசிக் கட்டிலில், தினமும் பாண்டியின் ஜீப்பில் வருகிற சாந்தம்மாள் கிடந்தாள். வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. சேலை தண்ணீரில் முக்கி எடுத்தது போலிருந்தது. மோட்டார் வைத்து அடிக்கிற பூச்சிமருந்தின் அந்த நெடி, காட்டில் வேலை பார்த்த யாரும் மறக்க முடியாத நெடி, அவள் மேலிருந்து அடித்தது. அழகுத்தாய் குனிந்து முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள்.

"சாந்தம்மா, எஞ் சட்னியாலயா ஒனக்கு இப்பிடி ஆச்சு?"

சாந்தம்மாள் கண்ணைத் திறக்க முயன்றாள். நாக்குக் குழறியது. "நா எங்க... தின்னேன் மதினி. ஆடி வெள்ளி... வெரதம்ல."

அழகுத்தாய்க்கு ஞாபகம் வந்தது. காலையில் சாந்தம்மாள் ஜீப்பை விட்டே இறங்கவில்லை. எனக்கு வேண்டாம் என்று உள்ளேயிருந்து கையாட்டினாள்.

திரும்பிப் பார்த்தாள். வாசலில் பூபதிராஜா தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்பது போல. நாளைக்கு ஜீப் கடை முன்னால் நிற்காது. நாளை மறுநாளும் நிற்காது. மற்றக் காட்டு முதலாளிகளும் சேர்ந்துகொள்வார்கள். இதெல்லாம் அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. அப்படியும் அவள் குரல் உயர்ந்துதான் வந்தது.

"டாக்டரம்மா! இவ எங் கடையில பச்சத்தண்ணி குடிக்கல. இன்னைக்கு வெரதம் இவளுக்கு. இந்தாங்க, இதான் எஞ் சட்னி, என்ன வேணும்னாலும் பாத்துக்கங்க. நானும் தின்னுட்டுத்தான் வந்துருக்கேன். ஆனா இவ மேல மருந்து வாடை அடிக்குது, வந்து மோந்து பாருங்க."

வராந்தாவில் சுவரைப் பார்த்துக் கிடந்த அந்த அம்மாதான் முதலில் பேசினாள். "மருந்தடிக்கிற ஓஸு பிச்சுக்கிட்டுருச்சம்மா. எல்லார் மேலயும் அடிச்சிருச்சு. அந்தக் கையோடதான் உக்காந்து தின்னோம். சொன்னா வேலை போயிரும்னாரு." பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள்.

டாக்டரம்மா முழுதும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நர்ஸுகளிடம் மலையாளத்தில் சத்தம் போட்டு ஊசி எடுக்கச் சொன்னார். உடுத்தியதை எல்லாம் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்றார். அழகுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகினாள். கையுறை கொடுத்தார்கள். சாந்தம்மாளைத் தாங்கிப் பிடித்துத் தலையில் தண்ணீர் ஊற்றியபோது தன் வயிற்றை நினைக்கவே மறந்துபோனாள். வெளியே ஈஸ்வரன் ஆண்களைத் தூக்கிக்கொண்டு போனான், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

பூபதிராஜா மருந்து டப்பாவின் படத்தைப் போனில் வரவழைத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அவள் தாண்டிப் போகும்போது, "எனக்கும் பிள்ளகுட்டி இருக்குக்கா" என்றார்.

யாரும் சாகவில்லை. சாந்தம்மாளை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சில நாள் கழித்து அவளும் கை நடுக்கத்தோடு வீடு திரும்பினாள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ஹெல்த்துக்காரர்களும் வந்தார்கள். சட்னியை, மாவை, தண்ணீரைக்கூடப் புட்டியில் எடுத்துக்கொண்டு, சோதனை முடிவு வரும்வரை கடையைத் திறக்கக்கூடாது என்றார்கள். அழகுத்தாய் கவிழ்த்து வைத்த கொப்பரைக்கு எதிரில் உட்கார்ந்து பொழுதைப் போக்கினாள். மருந்தால்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தேங்காய்? கெட்டதென்று எழுதி வந்தால்? அன்றைக்குத் தப்பினோம் என்பதற்காக நல்லதென்று ஆகிவிடுமா? ஈஸ்வரனிடம் இதைச் சொன்னபோது, "அதான் நீயே தின்னு ஒண்ணும் ஆகலையே" என்று எரிந்து விழுந்தான். அவனும் தூங்கவில்லை.

முடிவு வந்தது. குறை ஒன்றும் இல்லை.

கடையைத் திறந்த அன்று ஜீப்புகள் நிற்காமல் போயின. மறுநாளும் அப்படித்தான். அவித்த இட்லியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். பிறகு ஒரு காலையில் பாண்டி வளைவைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தான். "காட்டுப் பார்சல வேற கடைக்கு மாத்திட்டாகக்கா. ஆளுக கேக்க மாட்டேங்குறாக. அவுக அவுக காசக் குடுத்து வாங்கியாரச் சொன்னாக." அவன் பின்னாலேயே ரெண்டு மூன்று பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை. வராதவர்கள் பயந்து வரவில்லையா, முதலாளி சொல்லை மீற முடியாமல் வரவில்லையா என்று அவள் கேட்கவில்லை.

இப்போது அவள் தேங்காயைக் காலையில்தான் உடைக்கிறாள். அதற்காக முன்னைவிடச் சீக்கிரம் எழுந்திருக்கிறாள். அரைத்ததும் தான் தின்று பார்க்கிறாள், பிறகு ஈஸ்வரனுக்கு ஒரு கரண்டி. அவன் மறு பேச்சில்லாமல் கையை நீட்டுகிறான். ஆனாலும் யாராவது சாப்பிட உட்கார்ந்தால் அவளால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. அவர்கள் மென்று விழுங்குகிற வரைக்கும் கண் அங்கேயே நிற்கிறது.

அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்த ஒருவர் பாதியில் மெல்லுவதை நிறுத்தி, நாக்கால் வாய்க்குள் எதையோ துழாவினார். அவள் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் ஒரு மிளகாய்க் காம்பை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"மதினி, இன்னும் ரெண்டு இட்லி வையுங்க" என்றார்.

"இந்தா வர்றேன்யா" என்று அவள் கொப்பரையைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ரெண்டு இட்லியை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டு, அவர் அடுத்த வாயை விழுங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.