எமிலின் மகள்

நதாலியைத் தோழிப்பெண்ணாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லத்தான் யோசெப்பினின் ஓரகத்தி அல்போன்சம்மா, மொன்றியலின் வசதியான புறநகரான கர்க்லாண்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதைச் சொல்வதற்கு முன் தேநீர் குடித்தாள். மகள் றொஷினியின் கல்யாண மண்டபத்துப் பூக்களைப் பற்றிக் கதைத்தாள். யோசெப்பினின் புதுத் திரைச்சீலைகள் வடிவாய் இருக்கின்றன என்றாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் டொரொண்டோவிலை கொஞ்சம் பழைய ஆக்கள், யோசெப்பின். படத்திலை ஒரு மாதிரித் தெரியும் எண்டு யோசிக்கினம். உனக்கு விளங்கும்தானே?"

யோசெப்பினுக்கு விளங்கியது. "சரி அக்கா" என்றாள். அவ்வளவு சுலபமாய் முடியும் என்று எதிர்பார்க்காத அல்போன்சம்மாவே ஒரு நொடி திகைத்துப்போனாள்.

நதாலிக்கு அப்போது பதினைந்து வயது. எமில் என்ற ஹெயிட்டிக்காரனின் மகள். எண்பதுகளின் தொடக்கத்தில் மொன்றியலின் டாக்சி கம்பனிகள் சில, வாடிக்கையாளர்கள் வெள்ளைக்காரச் சாரதியைத்தான் கேட்கிறார்கள் என்று சொல்லிக் கறுப்பர்களை வேலையை விட்டு விரட்டின. எமிலும் கூட்டாளிகளும் பனிக்குள் பதாகை பிடித்து நின்றார்கள். விசாரணையில் சாட்சி சொன்னார்கள். வேலை போனது, வாடகை கட்ட வழியில்லை, இருந்தும் விடவில்லை. அவர்கள் வென்று அந்தக் கதவு திறந்த பிறகுதான் யாழ்ப்பாணத்திலிருந்து அல்போன்சம்மாவின் புருசன் கிறகரியும் அவன் தம்பியான யோசெப்பினின் புருசன் அன்டனும் வந்து இறங்கினார்கள். வந்த மறு வருடமே இருவரும் டாக்சி ஓட்டினார்கள். அன்டனைப் பக்கத்தில் ஏற்றி, இந்த ஊர்த் தெருக்களைக் காட்டிக் கொடுத்தவன் எமில்தான்.

எமிலின் மனைவி பிரசவத்தில் செத்துப்போனாள். பிள்ளைக்கு ஐந்து வயதாக, டாக்சித் தரிப்பிடத்தில் காருக்குள்ளேயே எமிலும் மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளையைக் கேட்டு யாரும் வரவில்லை. அன்டன் வீட்டுக்கு வந்து, "அவையள் சண்டை பிடிச்சுத்தான் எனக்கு இந்த வேலை. அவன்ரை பிள்ளையை நான் விடேலாது" என்றான். பல வருடம் பிள்ளைக்காக நேர்ந்து, அலுத்துப்போயிருந்த யோசெப்பின் மறுக்கவில்லை. நீதிமன்றம் நதாலியை அவர்களுக்குத் தத்துக் கொடுத்தது.

தேவாலயத்துக்கு வருகிற தமிழ்ச் சனம் ஒவ்வொன்றும் நதாலியின் தலையைத் தடவி, "நீ குடுத்து வைச்ச பிள்ளை. இவையை ஒருநாளும் மறக்கக்கூடாது" என்று சொல்லும். பிள்ளை தலையாட்டும். கேட்கும்போது யோசெப்பினுக்கு உள்ளம் குளிரும். போதும் என்று அவள் யாரையும் தடுத்ததில்லை.

அன்று பின்னேரம் பள்ளியால் வந்த நதாலியிடம் யோசெப்பின், "தோழிப்பெண்கள் எல்லாரும் ஒரே உயரமாய் இருக்கவேணுமாம்" என்றாள். நதாலி, தைத்து வந்து கட்டிலில் கிடந்த சேலைச் சட்டையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "சரியம்மா" என்றாள். அன்டன் கேட்டபோது, பிள்ளைக்கே விருப்பமில்லையாம் என்று யோசெப்பின் சொல்லிவைத்தாள்.

கல்யாணத்துக்குச் சேலை வேண்டாம் என்று நதாலி சொல்லிவிட்டாள். பாட்டுக்குழுவுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையையும் கறுப்புப் பாவாடையையும் யோசெப்பினே இஸ்திரி போட்டு மினுக்கிக் கொடுத்தாள். மண்டபத்தில் உணவு பரிமாற வந்த பெண்களும் அதே நிறத்தில்தான் உடுத்தியிருந்தார்கள். அது கண்ணில் பட்டபோது யோசெப்பின், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி, சாப்பிட்ட தட்டை நதாலியின் கையில் வைத்தாள். பக்கத்திலிருந்தவளிடம், "காப்பிலிப் பெட்டை, கறுப்பெண்டாலும் துப்பரவாய் இருக்கு" என்றாள்.

"நான் கல்யாணப் பொம்பிளையின்ரை தங்கச்சி" என்றாள் நதாலி.

மேசை சிரிப்பில் வெடித்தது. "எடியே, தமிழ் கதைக்குது!"

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து மேசையில் யோசெப்பினோடு இருந்த அல்போன்சம்மாவைக் கூப்பிட்டாள். "இது ஆர்?"

அல்போன்சம்மா யோசெப்பினைப் பார்த்தாள். நதாலியும் பார்த்தாள். என்ரை மகள் என்று சொல்ல ஒரு மூச்சுக் கூட ஆகாது. ஆனால் யோசெப்பினுக்கு முன்னால் சம்பந்தி வீடு முழுவதும் இருந்தது. மலடி என்று இத்தனை வருடம் முணுமுணுத்த வாய்கள் எல்லாம் இருந்தன.

"எங்கடை வீட்டிலை வளர்ற பிள்ளை" என்றாள்.

நதாலி அந்த மேசையிலிருந்த தட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். அவளை அங்கே அன்டன் கண்டான். அவன் நடந்ததைக் கேட்டு, தட்டுகளைப் பறித்து வைத்துவிட்டு அவளையும் கையோடு இழுத்துக்கொண்டு அண்ணனிடம் வந்தான்.

"அண்ணை, இவளின்ரை தகப்பன் ஆக்கள் பனியிலை நிக்காட்டி, உங்கடை கையிலை ஆர் ஸ்டியரிங்கைத் தந்திருப்பான்? கர்க்லாண்டிலை வீடு எங்காலை வந்திருக்கும்?"

கிறகரி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "அதுக்குத்தானேடா இவளைக் கொண்டுவந்து சோறும் உடுப்பும் குடுத்து வளர்த்தது. இன்னும் எத்தினை காலத்துக்கு அவங்களைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறது?"

நதாலி பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அன்டனைத்தான் பார்த்தாள்.

"அதுக்காகத்தானோ அப்பா என்னை எடுத்தனீங்கள்?"

அன்டன் வாயைத் திறந்தான். இல்லை என்ற சொல் வரத்தான் செய்தது, ஆனால் பிந்தி வந்தது. அதற்குள் நதாலி வாசலை நோக்கி நடந்துவிட்டாள். அவன் பின்னால் ஓடினான். படப்பிடிப்பாளர் குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டார். அல்போன்சம்மா கையைப் பிடித்து இழுக்க, யோசெப்பின் ஏறி நின்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை எதுவும் வரவில்லை. சண்டை வந்திருந்தால் தேவலை என்று யோசெப்பின் பலநாள் நினைத்தாள். நதாலி சோற்றுக்கு நன்றி சொன்னாள். தோய்த்த உடுப்புக்கு நன்றி சொன்னாள். காய்ச்சலில் நெற்றியில் போட்ட ஈரத்துணிக்கும் கண்ணை மூடியபடி நன்றி சொன்னாள். பதினெட்டு வயதானதும் மொன்றியல் நோர்டில் ஹெயிட்டிச் சிநேகிதிகளோடு அறை எடுத்துக்கொண்டு போனாள். எமிலின் குடும்பப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அன்டன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவளை ஏற்றிக்கொண்டு எமிலின் கல்லறைக்குப் போவான். அவளுக்குத் தகப்பனைப் பற்றிக் கேட்கத் தீராத கேள்விகள் இருந்தன. ஒருநாள் யோசெப்பினும் கேட்காமலே காரின் பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டாள். வழி முழுவதும் முன்னாலிருந்த இருவரும் பிரெஞ்சில் கதைத்தார்கள். யோசெப்பினுக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

கல்லறைத் தோட்ட வாசலில் கார் நின்றதும், "நதா, என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. நான் பயந்திட்டன்" என்றாள்.

நதாலி திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"தெரியும். என்ரை அப்பாவும் பயந்துதான் இருப்பார். ஆனா பனியிலை போய் நிண்டவர்."

இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அன்டன் பூங்கொத்தை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனான். வா என்று இருவரும் கூப்பிடவில்லை. யோசெப்பின் காருக்குள்ளேயே இருந்தாள்.