பிரிக்காமல் விட்ட பக்கம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கதை. நேரில் கேட்க வாய் வராதவன்தான் கதை எழுதுகிறான். (என்னைச் சொன்னேன். மற்ற எழுத்தாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "புத்தகம் பிறந்த வரலாற்றை அன்று ஆறாம் வகுப்பு மாணவர்கள்..." சே, பாடநூல் வாடை.

2

அக்கா பள்ளி ஆசிரியை. அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக்கி, பக்கத்தைச் சுற்றி நூல் கட்டுவார். மாலையில் அவருக்கு முன்னால் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வீட்டுக்குள் வரும். உடனே அக்காவும் நானும் புத்தகத்தை விரித்துப் படிப்பதுபோல் பாவலா காட்டுவோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அக்காவின் கல்யாணப் பத்திரிகையையும் அப்பாவே கோர்த்தார். அச்சேறும் முன் கல்யாணம் நின்றது. காரணம் (இங்கே "மாப்பிள்ளை வீட்டாரின் அற்பத்தனம்" என்று எழுதி அடித்திருக்கிறேன்) நான்தான். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனேன். இப்படிப்பட்ட குடும்பத்தில் சம்பந்தமே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வேலை முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுவதுதான் அச்சக வழக்கம். அப்பா பிரிக்கவில்லை. வேறு வரன் அமைந்தால் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றாராம். வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயின. அச்சகத்தை மூடியபோது, கட்டுக் குலையாமல் அந்தப் பக்கம் வீட்டுக்கு வந்தது.

3

அச்சின் வரலாறு நடத்தும் அன்று அக்கா அதையே வகுப்புக்கு எடுத்துப்போனாள். எழுத்தெல்லாம் இடவலம் மாறியிருக்கும், பிள்ளைகளால் படிக்க முடியாது என்ற தைரியம். ஒரு வாண்டு ரப்பர் ஸ்டாம்பு மையைத் தடவி, காகிதத்தை அழுத்தி எடுத்துவிட்டாள். முப்பது தலைகள் குனிந்து படித்தன.

"டீச்சர், உங்க கல்யாணத்துக்கு எங்கள ஏன் கூப்பிடல?"

[அக்கா அழுதாள் என்று எழுதினேன். பொய். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.]

நடக்காத கல்யாணத்துக்கு எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லிவிட்டு, அக்கா நூலை அவிழ்த்தாள். அவரவர் பெயரைக் கோர்த்துக்கொள்ளச் சொன்னாள். மாப்பிள்ளையின் பெயர் நாலு பிள்ளைகளுக்குப் பங்கு போயிற்று.

4

இதையெல்லாம் அக்கா போனில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். நானோ கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, அப்பா கட்டிவைத்ததைப் பிரித்துவிட்டாயே என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் குடுத்துட்டேன்டா. கீழ, வரவேற்கிறவங்க வரிசையில உன் பேரு இருந்துச்சு. நீ போனப்புறமும் அப்பா அத எடுக்கல. எனக்கும் அத மட்டும் பிரிக்க மனசு வரல. கைப்பையிலதான் வச்சிருக்கேன்."

இங்கே என் பதில் வர வேண்டும். "அக்கா, அன்னைக்கு நான்..." என்று எழுதி மூன்று தாள் கிழித்தாயிற்று.

"டேய், லைன்ல இருக்கியா?" என்கிறாள் அக்கா.

நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்.