இரண்டாயிரத்து நாற்பத்தொரு பறவைகள்

1996ஆம் ஆண்டு மாசி மாதம் பத்தாம் திகதி காலை எட்டரை மணிக்கு, வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாக்ரெட்டின் லொட்ஜ் மொட்டைமாடியிலும் மதிலிலும் படிக்கட்டிலும் இரண்டாயிரத்து நாற்பத்தொரு பறவைகள் வந்திறங்கி, இனம் இனமாக வரிசையில் நின்றன. காலி வீதியில் பஸ்கள் வழக்கம்போல ஓடின. அன்று மீன் விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

மாக்ரெட்டுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. பதினொரு நாட்களாக அவள் கணவன் கொன்ஸ்ரன்ரைனைத் தேடி அலைந்துகொண்டிருந்தாள். அவன் பறவை பார்க்க வரும் வெளிநாட்டவர்களுக்கு வழிகாட்டி. தன் நான்கு அறை லொட்ஜில் அவர்களைத் தங்கவைத்து, பஸ்ஸிலேயே ஹெந்தளைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து சதுப்புக்குள் துடுப்புத் தோணியில் கொண்டுபோவான். மோட்டார்ப் படகில் ஏறமாட்டான். கூட்டுக்குக் கிட்டப் போய்ப் படமெடுக்கிறவனை மறுநாள் கூட்டிப்போகமாட்டான். அறைகளில் ஏசி இல்லை, பிளாஸ்டிக் போத்தல் இல்லை; மண்பானைத் தண்ணீர்தான். சண்டை கடுமையாகி வெள்ளைக்காரர் வருவது நின்ற பிறகும் சனிக்கிழமைகளில் தனியே போய் எண்ணிவிட்டு வருவான். அவன் வாசிக்க வாசிக்க, கொப்பியில் நல்லெழுத்தில் எழுதுவது மாக்ரெட்.

தை மாதக் கடைசியில் லொட்ஜைச் சோதனையிட வந்தவர்கள் பைனாகுலரையும் கொப்பியையும் எடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் கிளுவை 640, உள்ளான் 311, கூழைக்கடா 14 என்று நிறைய இருந்தது; அடியில் மொத்தம் 2041. எந்த இராணுவ முகாமின் கணக்கு என்று கேட்டார்கள். பறவைக் கணக்கு என்றான். எழுத்து ஆருடையது என்று கேட்டார்கள்.

"என்ர" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

மாக்ரெட் பக்கத்தில்தான் நின்றாள். அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் நாள்தோறும் போய் நின்ற பொலிஸ் நிலையத்தில், மேசைக்குப் பின்னாலிருந்த சிங்களச் சார்ஜன் கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னான்: "குருவி எண்டா கொண்டுவந்து காட்டுங்க, நோனா." அவள் வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில் ஏறி, சதுப்பு இருக்கும் வடக்குத் திசைக்குத் திரும்பி, கொப்பியின் கடைசிப் பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னாள். மறுநாள் அவை வந்தன.

அவள் போய்ச் சொல்ல, சார்ஜன் அந்தக் கொப்பியோடு வந்து பகல் ஒரு மணி வரை எண்ணினான். எண்ணிமுடிந்த பறவைகள், அவன் குழம்பாதபடி ஓரடி தள்ளி நின்றன. ஒவ்வொரு வரிக்கும் நேரே சரி அடையாளமிட்டு, அடியில் கையெழுத்தும் வைத்தான்.

"கணக்கு ஹரி, சரிதான் நோனா."

"அப்ப அவரை விடுங்கோ."

சார்ஜன் தொப்பியைக் கழற்றித் துடைத்தான். "அந்தப் பேரில எங்கட்ட ஆரும் இல்ல. பழைய பதிவிலயும் இல்ல."

"அது என்ர எழுத்து ஐயா. அவர் பொய் சொன்னவர். நான்தான் எழுதினனான்."

"இப்ப அது தேவையில்ல, நோனா" என்றான் அவன், அவள் முகத்தைப் பாராமல்.

அன்று பின்னேரம் பறவைகள் எழும்பிப் போயின. அடுத்த மாசி பத்தாம் திகதி அதே நேரத்துக்கு வந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வந்தன. அந்த ஒரு நாளைக்கு ஒழுங்கையில் ஓட்டோ ஓடக்கூடாது, பட்டாசு கொளுத்தக்கூடாது என்றாகிவிட்டது. யாரும் கட்டளையிட்டு அல்ல. மாக்ரெட் பொரளைக்கும் மருதானைக்கும் அப்பாலும் அலைந்து, தேடிப்போக இடங்கள் தீர்ந்தபின், லொட்ஜை அவன் நடத்தியபடியே நடத்தினாள். சமாதானம் பேசிய வருடத்தில் வெளிநாட்டவர்கள் மறுபடி வந்தார்கள். மாசி மாதத்துக்கு நான்கு அறைகளும் முன்கூட்டியே நிறைந்தன. மண்பானை எதற்கென்று கேட்டவர்களுக்கு அவள் விளக்கம் சொன்னாள். பறவைகள் ஏன் இங்கே வருகின்றன என்று கேட்டவர்களுக்குச் சொல்லவில்லை.

ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருந்த பலீல் நானா மட்டும் ஒருமுறை, மதிலோரம் நின்று, மெதுவாகக் கேட்டார்.

"இதுகள் இன்னம் எத்தின வருஷத்துக்கு வரும், மாக்ரெட்?"

"எனக்கென்ன தெரியும், நானா. அவரை இன்னும் விடேல்லைத்தானே."

அவர் தலையாட்டினார். அவள் விருந்தாளிகளுக்கான சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பதினான்கு கூழைக்கடாக்களும் விலகி வழிவிட்டன.