மழைக்குழாய்ப் பாட்டு

ஆஸ்கெர் பாட்டு எழுதுகிறான் என்பதை ஹசல் தெருவில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். அவன் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே இருப்பது என் குற்றமில்லை. நாலு நாளாக அந்த மனுஷன் மேஜையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கை அடிப்பிடிக்க விட்டுக்கொண்டிருந்தான். டென்மார்க்கில் ஒரு ஆண்பிள்ளை இப்படி உட்கார்ந்திருந்தால் ஒன்று வருமான வரி, இல்லை பாட்டு. வரிக்கு அது மாசமில்லை.

எங்கள் ஊரில் அறுபது வயது ஆகிவிட்டால் தப்பவே முடியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் உங்களைப் பற்றிப் பாட்டு எழுதி, எல்லாருக்கும் தெரிந்த ஏதாவது ஒரு மெட்டில் ஏற்றி, அச்சடித்து, சுருட்டி ரிப்பன் கட்டி, விருந்தில் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். கூடமே சேர்ந்து பாடும். நீங்கள் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அறுபது ஆகப்போவது விபெகாவுக்கு. பல் டாக்டரிடம் உதவியாளர், கணவன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம், ஆஸ்கெரின் பக்கத்து வீடு. மகள் சிசெல் தூரத்து ஆல்போர் நகரத்தில் அம்மாவுக்காக ஏழாம் மாடியில் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை வீட்டுத் தரகர் வந்து இங்கே விபெகா வீட்டுக்கு விலை போடப் போகிறார். அப்புறம் விபெகா போனால் போனதுதான்.

ஆஸ்கெருக்கு அவள் மேல் ஆசை. படகுத்துறையில் எஞ்சின் வேலை பார்க்கிற ஆள். எஞ்சினோடு பேசுவான், மனுஷரோடு பேச மாட்டான். சொல்ல வேண்டுமென்றால் திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அதனால்தான் பாட்டு. நான் ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு அவன் கதவைத் தட்டினேன்.

"என்ன தோவா, கேக்கா?"

"கேக் இருக்கட்டும். பாட்டக் குடு."

கொடுத்தான். படித்தேன்.

*கூரை ஓரக் குழாயில் எல்லாம் கொட்டிக் கிடந்த இலை,*
*ஏணி போட்டு எடுத்து விட்டேன், இனிமேல் இல்லை தொல்லை.*

இப்படியே நாலு சரணம். குழாய், பனி, பிளம்ஸ், சைக்கிள் சங்கிலி.

"யோவ், இது பாட்டா, ரிப்பேர் கடை விளம்பரமா? இதுல ஆசை எங்கய்யா இருக்கு?"

"எல்லா வரியிலயும் இருக்கே."

"எங்க? காட்டு."

"அதையெல்லாம் அவளுக்குச் செஞ்சது நான்தானே?" என்றான், நான்தான் மக்கு என்பது போல.

மெட்டு? பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போகும்போது கால் தட்டிப் பாடுவார்களே, அந்த அணிவகுப்பு மெட்டு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைக்குழாயை வைத்துக்கொண்டு ராணுவ நடை! இதைக் கேட்டு ஒரு பெண் மனசு மாறுவதாயிருந்தால் அவளை முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"பாடும்போது சுவத்துல படம் போடணும்," என்றான். "உன்கிட்ட இல்லாத படமா?"

அது உண்மைதான். தெருவில் எது நடந்தாலும் நான் படம் எடுப்பேன். பின்னால் யாராவது "அப்படி நடக்கவே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாதில்லையா. குழாய்க்கு உடனே ஒன்று கிடைத்தது: ஏணி மேல் ஆஸ்கெர், கால்சட்டை பாதி இறங்கி. ஒவ்வொரு வருஷத் தெரு விருந்திலும் அவன் பின்புறத்தை மட்டும் பெரிதாக்கி அதைக் காட்டுவோம், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். இந்தத் தடவை வெட்டித் தர நேரமில்லை. முழுப் படத்தையே போட்டுவிட்டேன். பனிக்கும் பிளம்ஸுக்கும் கிடைத்தது. சைக்கிள் சங்கிலிக்கு மட்டும் எவ்வளவு தேடியும் இல்லை. போகட்டும், வெறும் சுவர் இருக்கட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பொதுக்கூடம் நிறைந்துவிட்டது. மேஜை மேஜையாகக் குட்டிக் கொடிகள், பன்றி வறுவல், பழுப்புக் குழம்பு. அக்கார்டியனோடு ஃப்ளெம்மிங், எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார், அவன் இல்லாமல் இந்தப் பக்கம் யாருக்கும் வயசே ஏறாது. ஆஸ்கெர் புதுச் சட்டை போட்டிருந்தான். கழுத்துப்பட்டை மடிப்பில் கடைக்காரன் குத்திய குண்டூசியோடு.

முதலில் மகளின் பாட்டு. சிசெல் எழுந்து தாளைப் பிரித்தாள். ஃப்ளெம்மிங் வாசித்தான். என் கையில் இருந்த முள்கரண்டி நின்றுவிட்டது. அதே அணிவகுப்பு மெட்டு!

வெளியூர்க்காரருக்கு இது புரியாது. ஒரே விருந்தில் ஒரே மெட்டு இரண்டு தடவை வருவது, மணப்பெண் இரண்டு பேர் வந்து நிற்கிற மாதிரி. அதனால்தான் முன்கூட்டியே ஒருவரையொருவர் கேட்டு வைத்துக்கொள்வார்கள். ஆஸ்கெர் யாரைக் கேட்டான்?

சிசெல் பாட்டு நன்றாகவே இருந்தது. அம்மா வா, லிஃப்ட் இருக்கு, பால்கனி இருக்கு, பேரப்பிள்ளை இருக்கு என்று துள்ளித் துள்ளி ஓடியது. கூடம் காலால் தரையை உதைத்தது. முடிந்ததும் எழுந்து நின்று மூன்று தடவை ஹுர்ரா. விபெகா கைதட்டினாள். ஆஸ்கெர் முகம் மெழுகாகிவிட்டது.

நான் ஃப்ளெம்மிங்கிடம் ஓடினேன். ஆஸ்கெரும் வந்து நின்றான்.

"மெட்டு போச்சு. விட்டுடலாம்," என்றான் ஆஸ்கெர்.

ஃப்ளெம்மிங் தாளைப் பார்த்து விரல் விட்டு அசை எண்ணினான். "எதுக்கு விடணும்? இதே அளவுக்கு ஒரு தாலாட்டு இருக்கு. எல்லாருக்கும் தெரியும்."

"தாலாட்டா? மழைக்குழாய்க்கா?"

"உனக்கு வேற வழி இருக்கா?"

ஆஸ்கெர் பதில் சொல்வதற்குள் நான் விளக்கை அணைத்துவிட்டேன். யாராவது ஒருவர் முடிவு எடுக்க வேண்டாமா?

சுவரில் ஏணிப் படம் வந்தது. வழக்கம் போலக் கூடத்தில் களுக் என்று சிரிப்பு. அப்போது அக்கார்டியன் மூச்சு இழுத்தது. எங்கள் எல்லாருக்கும் அம்மா போர்வையை இழுத்துவிட்டுப் பாடிய மெட்டு அது. அதைக் கேட்டால் குரல் தானாகத் தணிந்துவிடும். அறுபது பேர் மெதுவாக, "கூரை ஓரக் குழாயில் எல்லாம்" என்று பாட ஆரம்பித்தோம். அணிவகுப்பில் அந்த வரி நாலு எட்டில் ஓடிப் போயிருக்கும். தாலாட்டில் 'இலை' என்கிற ஒரு சொல்லே வந்து சேர மாட்டேன் என்றது. அதுவரைக்கும் கண் என்ன செய்யும்? படத்தைத்தான் பார்க்கும். கால்சட்டையைப் பார்த்து முடித்தாயிற்று. கண் கீழே இறங்கியது.

ஏணியின் அடியில் விபெகா. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மழை முகத்தில் அடிக்க, அண்ணாந்து பார்த்துக்கொண்டு. அவள் கால்சட்டையைப் பார்க்கவில்லை. அவன் விழுந்துவிடக் கூடாதே என்று பார்க்கிறாள். அந்தப் படத்தை எடுத்ததே நான். இவ்வளவு வருஷமும் அந்த மூலை எனக்குத் தெரிந்ததே இல்லை. இத்தனைக்கும் கவனிப்பதுதான் என் தொழில். சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு தொண்டையிலேயே தங்கிவிட்டது.

இரண்டாவது பனி.

*வாசல் எல்லாம் பனியே மூடி வழியே இல்லை அன்று,*
*விடியும் முன்னே வாரித் தள்ளி வைத்தேன் பாதை ஒன்று.*

என் மாடி ஜன்னலிலிருந்து எடுத்த படம். தெரு முழுக்க வெள்ளை. விபெகா வாசலிலிருந்து சாலை வரைக்கும் மட்டும் கறுப்பாக ஒரு கோடு. ஆஸ்கெர் வீட்டு வாசல்? கதவின் பாதி உயரத்துக்குப் பனி. வெளியே எப்படி வந்தான், ஜன்னல் வழியாகக் குதித்தானா என்று பாட்டு சொல்லவில்லை. பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பேக்கரிக்காரி என்று நினைக்கிறேன், அவள் சொல்கிறாள் சளி என்று.

மூன்றாவதில் நல்லவேளை தப்பித்தோம்.

*உன் மரத்துப் பிளம்ஸ் பழங்கள் என் புல்லின் மேல் விழுமே,*
*ஒன்று கூட நான் தின்னாமல் உன் கூடை சேருமே.*

சுவரில் ஆஸ்கெர் கூடையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மோவாய் முழுக்கக் கருஞ்சிவப்புச் சாறு. கூடம் அதிர்ந்து சிரித்தது; தாலாட்டு அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. விபெகாதான் எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு.

நாலாவது சரணத்துக்குப் படம் இல்லையே. சுவர் வெறும் வெள்ளையாக எரிந்தது. பார்க்க ஒன்றும் இல்லாததால் எல்லாரும் திரும்பி, அந்த வெளிச்சத்தில் தெரிந்த இரண்டு ஆட்களைப் பார்த்தார்கள்.

*சைக்கிள் சங்கிலி கழன்று விட்டால் சத்தம் போட்டால் போதும்,*
*எந்த ஊரில் இருந்தாலும் என் கருவிப்பெட்டி சேரும்.*

அக்கார்டியன் மூச்சை விட்டு அடங்கியது. இப்போது எழுந்து ஹுர்ரா சொல்ல வேண்டும். ஒருத்தரும் எழவில்லை. எழுத்தில் வெறும் சங்கிலி, சுவரில் வெறும் சுண்ணாம்பு, மெட்டோ குழந்தைகளைத் தூங்க வைப்பது. ஆனாலும் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. எதிலிருந்து தெரிந்தது என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடிந்திருக்காது.

ஆஸ்கெர் அந்த மௌனத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டான். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கோட்டு மாட்டிய பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

"ஆஸ்கெர்," என்றாள் விபெகா.

நின்றான்.

"ஆல்போர்ல என் சைக்கிள் சங்கிலி கழண்டா, கருவிப்பெட்டி மட்டும்தான் வருமா?"

குழம்பு ஆறுகிற சத்தம் கேட்டது.

"இல்ல," என்றான் ஆஸ்கெர். "பெட்டி கனம். யாராவது தூக்கணும்ல."

"தூக்கிட்டு அவ்வளவு தூரம் வருவியா?"

"ரயில் இருக்கே."

"லூசு," என்றாள் விபெகா. பிறகு தாளை விரித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "ஃப்ளெம்மிங், மறுபடி வாசி. இப்ப அணிவகுப்பு மெட்டு."

ஃப்ளெம்மிங் அதிர்ந்து போனான். "விபெகா, அது ஆயிடுச்சே. ஒரே மெட்டு ரெண்டு தடவை எப்படி…"

"யாருக்குய்யா பொறந்தநாள்? வாசி."

வாசித்தான். அதே குழாய், அதே இலை, அதே பனி. எது எனக்கு ரிப்பேர் கடை விளம்பரமாகத் தெரிந்ததோ அதே வரிகள். ஆனால் இப்போது அதை ராணுவ நடையில் பாடினாலும், பூனை கத்துகிற மாதிரிப் பாடினாலும் ஒன்றுதான். எல்லாருக்கும் தெரிந்த பிறகு இனி அது வெறும் குழாயாக எப்படி ஆகும்? தரையை உதைத்தோம், மேஜையைத் தட்டினோம், 'தொல்லை' என்கிற இடத்தில் கூடமே கத்தியது. நாலு சரணமும் ஓடி முடிந்தது, ஃப்ளெம்மிங் நிறுத்தப் போனான். விபெகா கையை உயர்த்தினாள். தாளில் இல்லாததைத் தனியாகப் பாடினாள்.

*ஆல்போர் ஊரில் ஏழாம் மாடி, அங்கே குழாயும் இல்லை,*
*ஆளை அங்கே அழைப்பதற்கு அடைக்க இலையும் இல்லை!*

சுருதி சுமார்தான். அது பெரிய விஷயமில்லை.

"அம்மா!" என்றாள் சிசெல். "அப்ப அந்த ஃப்ளாட்டு? திங்கட்கெழம தரகர் வரார்ல?"

"வரட்டும். காப்பி குடுத்து அனுப்பறேன்."

"நான் எவ்வளவு அலைஞ்சு பாத்தேன் தெரியுமா?" என்று சிசெல் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் நேராகப் போய் ஆஸ்கெரின் கழுத்திலிருந்த குண்டூசியை உருவிவிட்டு, அவன் கன்னத்தில் ஒன்று கொடுத்தாள். முத்தம்தான், அறை என்று பின் வரிசையில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், நம்பாதீர்கள், நான் பக்கத்திலேயே நின்றேன்.

அப்போதுதான் எல்லாருக்கும் ஹுர்ரா ஞாபகம் வந்தது. மூன்று தடவை, ஜன்னல் கண்ணாடி நடுங்க. முடித்து உட்கார்ந்தோம். ஒரே ஒரு குரல் மட்டும் நிற்காமல் நாலாவது ஹுர்ரா போட்டது. திரும்பிப் பார்த்தால் ஆஸ்கெர். பீட்ரூட் மாதிரிச் சிவந்து, கையை மேலே தூக்கிக்கொண்டு, ஐந்தாவதுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான்.

"போதும், உக்காரு," என்று விபெகா அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இறக்கிய கையை விடவில்லை. கேக் வந்தது, இரண்டு பேரும் அதை ஆளுக்கு மிச்சமிருந்த ஒற்றைக் கையாலேயே தின்றார்கள்.